சாந்தமானவன் வரப்பு

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருத்தனை "சாந்தமான ஆளு" என்று சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. கல்யாணத் தரகர் சொன்னால், பையன் குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான் என்று அர்த்தம். பக்கத்து வயல்காரர் சொன்னால், அவன் வரப்பைக் கொஞ்சம் வெட்டினாலும் ஒண்ணும் கேட்க மாட்டான் என்று அர்த்தம்.

நான் ரொம்ப வருஷமாக இந்த இரண்டாவது வகைச் சாந்தமான ஆளாக இருந்தேன். அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். நான் கிறிஸ்தவன். திருநெல்வேலிப் பக்கத்துச் சின்னக் கிராமம். சாந்தகுணம் என்பது சின்ன வயதிலிருந்து காதில் விழுந்து பழகிப்போன வார்த்தை. பழகின வார்த்தைக்கு அர்த்தம் யோசிக்க மாட்டோம் இல்லையா? எனக்கு ஐம்பது வயது தாண்டின பிறகுதான் யோசிக்க வேண்டி வந்தது.

குளத்துப் பாசனத்தில் எனக்கு எண்பது செண்ட் வயல் இருக்கிறது. அதுபோக மேட்டில் ஒரு ஏக்கர் புஞ்சை. அப்பா விட்டுப்போனது. நகரத்தில் மனை வாங்குகிற உங்களுக்கு எண்பது செண்ட் என்றால் பெரிசாகத் தெரியலாம். நெல்லுக்கு அது சின்னக் கணக்குதான். அதில் ஒரு வரப்பு நடக்க ஆரம்பித்தது.

வரப்பு எங்கேயாவது நடக்குமா என்று கேட்பீர்கள். நடக்கும். ஒவ்வொரு பூவுக்கும் முன்னால் வரப்பின் இரண்டு பக்கமும் அண்டை வெட்டுவோம். அதாவது புல்லையும் எலி வளையையும் மம்பட்டியால் செதுக்கி எடுத்துவிட்டு, சேற்றை அள்ளி வைத்துப் பூசுவோம். நியாயமான சம்சாரி செதுக்கின அளவுக்குத் திரும்பப் பூசுவான். சில பேர் செதுக்குவார்கள், பூச மாட்டார்கள். ஒரு தடவைக்கு இரண்டு விரல்கடை. யார் கண்ணிலும் படாது. நாலைந்து வருஷத்தில் இரண்டடி வரப்பு ஒரு சாண் வரப்பாகிவிடும். ஒரு சாண் வரப்பில் தண்ணீர் நிற்காது, நண்டு ஓட்டை போட்டால் உடைத்துக்கொண்டு போகும். அப்போது தண்ணீர் யாருக்கு நிற்க வேண்டுமோ அவன் தன் வயல் மண்ணை எடுத்து வரப்பை அகலப்படுத்துவான். அவ்வளவுதான், எல்லை அரையடி நகர்ந்துவிட்டது. சண்டை இல்லை, சத்தம் இல்லை, திருட்டு என்று சொல்லவும் முடியாது.

அப்பா காலத்தில் அந்த மேற்கு வரப்பின் நடுவில் ஒரு எல்லைக்கல் இருந்தது. ஒரு வருஷம் அது வரப்பின் மேற்கு ஓரத்தில் தெரிந்தது. சில வருஷம் கழித்துப் பார்த்தால் அடுத்த வயலுக்குள் நின்றது. அப்புறம் கல்லையே காணோம்.

மேற்கு வயல்காரரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். வேறு விவரம் வேண்டாம். எனக்குத் தொழி அடிக்க வருவது அவருடைய டிராக்டர்தான். மகள் கல்யாணத்துக்கு அவரிடம் கைமாற்று வாங்கியிருந்தேன். வரப்பைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. எங்க வீட்டுக்காரி கேட்பாள், "நீங்க ஒரு வார்த்த கேட்டா என்ன?" என்று. நான், "விடு, கர்த்தர் பாத்துக்குவாரு" என்பேன்.

ஒரு லெந்து நாளில் எங்கள் ஐயர் மலைப்பிரசங்கத்தை எடுத்துப் பேசினார். (சபைக் குருவானவரை இங்கே ஐயர் என்றுதான் சொல்வோம்.) சாந்தகுணமுள்ளவர்களுக்குப் பூமியே சொந்தமாகும் என்று இயேசு சொன்ன இடம். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியவர் என் தோளில் கை போட்டு, "ஐயரு சொன்னது ஒன்னியத்தாம்லே" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், பெருமையாகவே இருந்தது. பூமி சொந்தமாகும் என்கிறார்கள், எனக்கு இருக்கிற பூமியே குறைந்துகொண்டு வருகிறதே என்று ஒரு ஓரத்தில் உறுத்தியது. அதை அமுக்கிவிட்டேன்.

அதே வருஷம் ஐப்பசியில் பிசான நடுகை. ஒன்பது பெண்கள் வந்தார்கள். அப்போது எங்கள் பக்கம் நடுகைக் கூலி முன்னூறு ரூபாய். பக்கத்து ஊரில் முன்னூற்றைம்பது ஆக்கிவிட்டார்கள், எங்களுக்கும் அப்படியே கொடுங்க என்று வயலில் இறங்கினதும் கேட்டார்கள். எனக்கு வந்ததே ஒரு கோபம். "நாத்தப் பறிச்சுப் போட்டபொறவா கூலி பேசுதீங்க? கழுத்தப் பிடிக்கீங்களா?" என்று ஆரம்பித்து, சொல்லக் கூடாத இரண்டு வார்த்தையும் சொல்லிவிட்டேன். குளத்துக் கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்தக் கொத்தில் வயதான ஒரு அம்மா. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "அண்ணாச்சி, மேக்க வரப்ப வெட்டுனவுகளப் பாத்து ஒரு வார்த்த பேசல நீங்க. நாங்க அம்பது ரூவா கேட்டதுக்கா இம்புட்டுச் சத்தம்?" கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் குனிந்து நாற்றுமுடியை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஒன்பது பேருக்கு ஐம்பது ரூபாய் என்றால் நானூற்றைம்பது ரூபாய். மேற்கே போன மண்ணுக்கு எத்தனை நானூற்றைம்பது என்று கணக்குப் போடத் தெரியாதவன் இல்லை நான். அந்த மண்ணுக்காக வராத கோபம் இந்தக் காசுக்கு எப்படி வந்தது? யாரிடம் கோபப்பட்டால் நமக்கு ஒன்றும் ஆகாதோ அவர்களிடம் வந்தது. யாரிடம் கோபப்பட்டால் டிராக்டர் வராதோ அவரிடம் வரவில்லை. அப்படியானால் இத்தனை வருஷமாக என்னிடம் இருந்தது சாந்தகுணமே இல்லை, பயம். அதற்கு நான் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுவிட்டிருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. வேதப் புத்தகத்தை எடுத்து, சாந்தகுணம் வருகிற இடங்களைத் தேடிப் பார்த்தேன். நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தினவன், பண்டிதன் இல்லை. ஆனாலும் எண்பது செண்ட் சம்சாரிக்கும் விளங்குகிற மாதிரிதான் அதில் எழுதியிருக்கிறது.

பூமியில் உள்ள எல்லா மனிதரையும் விட மிகுந்த சாந்தகுணமுள்ளவர் என்று வேதம் ஒரே ஒரு ஆளைச் சொல்கிறது. மோசே. எண்ணாகமம் பன்னிரண்டாம் அதிகாரம். இந்த மோசே யார்? எகிப்தின் ராஜா முன்னால் போய் நின்று என் ஜனத்தை விடு என்று கேட்டவர். ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைக் கும்பிட்டபோது கற்பலகைகளைத் தூக்கிப்போட்டு உடைத்தவர். வாயில்லாப் பூச்சி இல்லை. அப்படியானால் எந்த இடத்தில் அவரைச் சாந்தமானவர் என்கிறது? சொந்த அக்கா மிரியாமும் அண்ணன் ஆரோனும் அவருடைய கல்யாணத்தை வைத்து அவரையே குறை பேசின இடத்தில். தன்னைப் பற்றிப் பேசினபோது அவர் பதிலுக்குப் பதில் பேசவில்லை. அக்காவுக்குக் குஷ்டம் கண்டபோது அவளுக்காகக் கடவுளிடம் கெஞ்சினார். மற்றவர்களுக்காக ராஜாவிடம் சத்தம் போட்டவர், தனக்கு என்று வந்தபோது சத்தத்தை அடக்கிக்கொண்டார். நான் நேர் எதிராக நடந்திருந்தேன்.

இயேசுவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதான ஆசாரியன் முன்னால் நிற்கும்போது ஒரு சேவகன் அறைந்தான். அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. நான் தப்பாகப் பேசியிருந்தால் எது தப்பு என்று சொல், சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடித்தாய் என்று கேட்டார். யோவான் பதினெட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. திருப்பி அடிக்கவில்லை, சாபம் விடவில்லை. ஆனால் கேட்டார். அடிக்கிறவன் முகத்தைப் பார்த்து, நிதானமாக நியாயம் கேட்டார். நான் பத்து வருஷமாகக் கேட்காத கேள்வி.

மத்தேயு பதினோராம் அதிகாரத்தில் தன்னைச் சாந்தமுள்ளவன் என்று இயேசு சொல்கிறாரே, அந்த வசனத்தில் கூடவே நுகமும் வருகிறது. என் நுகத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். இது மாடு கட்டி உழுதவனுக்குச் சட்டென்று பிடிபடும். அப்பா ஒரு ஜோடி காளை வைத்திருந்தார். வலது பக்கத்துக் காளை நல்ல பலம். வண்டி சேற்றில் இறங்கினால் ஒற்றையாய் இழுத்து வெளியே விடும். ஆனால் நான் சின்னப் பயல், அதன் கால் இடுக்கில் புகுந்து போவேன், ஒன்றும் செய்யாது. அதைத்தான் ஊரில் "சாதுவான மாடு" என்பார்கள். பலம் இல்லாத மாட்டை யாரும் சாது என்று சொல்ல மாட்டார்கள், நோஞ்சான் என்பார்கள். பலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே காட்ட வேண்டும் எங்கே காட்டக் கூடாது என்று தெரிந்திருப்பது. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் சாந்தத்துக்கு இருக்கிற வார்த்தையைப் பழக்கின மிருகத்துக்கும் சொல்வார்கள் என்று ஒரு கன்வென்ஷனில் கேட்டேன். கேட்டதும் அப்பாவின் காளைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"சாது மிரண்டால் காடு கொள்ளாது" என்று ஒரு பழமொழி சொல்கிறோமே, எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. மிரண்டால் காடு கொள்ளாத அளவுக்கு உள்ளே என்ன இருந்தது? அத்தனை வருஷம் தேக்கி வைத்த கோபம். எங்கள் ஊர்க் குளத்துக்கு மறுகால் உண்டு. குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அது வழியாகத் தன்னால் வெளியேறும். மறுகால் அடைபட்ட குளம் அமைதியாகத்தான் இருக்கும், ஒரு ராத்திரி கரையை உடைத்துக்கொண்டு போகிற வரைக்கும். உடைந்தால் யாருடைய வயலில் போய் அடிக்கும்? பள்ளத்தில் இருக்கிறவன் வயலில். என் கோபமும் நடுகைக்கு வந்த பெண்கள் தலையில்தான் போய் அடித்தது. சாந்தமாக இருக்க வேண்டுமானால் பேச வேண்டியதை அந்தந்த நேரத்தில் பேசிவிட வேண்டும்.

மறுநாள் காலையில் அந்தக் கொத்துப் பெண்கள் வேறொருவர் வயலில் நட்டுக்கொண்டிருந்தார்கள். போய், பாக்கி ஐம்பது ரூபாயைக் கொடுத்தேன். "நேத்துப் பேசுனது தப்பு" என்றேன். அந்த வயல்காரர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். பெண்கள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அந்த வயதான அம்மா ரூபாயை முந்தியில் முடிந்துகொண்டு, "செரி, வெயில் ஏறுது, போங்க" என்றார். மன்னிப்புக் கேட்டால் கண்ணீர் விட்டுக் கையைப் பிடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன் போல. அதுவும் ஒரு பெருமைதான்.

அடுத்தது மேற்கு அண்ணாச்சி. அவர் வீட்டுக்குத் தனியாகப் போனேன். உன் சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய் அவனிடம் சொல் என்பதும் இயேசு சொன்னதுதான். நாங்கள் வழக்கமாகச் செய்வது என்ன? டீக்கடையில் நாலு பேரிடம் சொல்வோம், கோயில் முற்றத்தில் நாலு பேரிடம் சொல்வோம், சம்பந்தப்பட்ட ஆளிடம் மட்டும் சொல்ல மாட்டோம். கை நடுங்கத்தான் செய்தது. "அண்ணாச்சி, வரப்பு நம்ம பக்கம் ரொம்ப வந்திருக்கு. சர்வேயர வச்சு அளந்து கல்லுப் போட்டிரலாம்னு நெனைக்கேன். ஒங்ககிட்டச் சொல்லாமச் செய்யக் கூடாதுன்னு வந்தேன்" என்றேன். அவர் முகம் மாறியது. "இத்தன வருசம் இல்லாம யாரு ஒன்ன ஏத்திவிட்டா?" என்றார். யாருமில்லை என்றேன். இ-சேவை மையத்தில் பணம் கட்டி மனுக் கொடுத்தேன். அவரிடம் வாங்கின கைமாற்றில் பாக்கி இருந்ததை ஒரு ஆட்டை விற்றுக் கொடுத்து முடித்தேன்.

பங்குனியில், என் நெல் அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடக்கும்போது சர்வேயர் வந்தார். வரைபடத்தை வைத்துச் சங்கிலி போட்டு அளந்தார். மேற்கே மூன்று செண்ட் அவர் பக்கம் போயிருந்தது. அந்த இடத்தில் அண்ணாச்சியின் வாழை ஒரு வரிசை குலை தள்ளி நின்றது. ஊரில் இரண்டு பேர், "ஒன் நெலம், ஒன் வாழ, இன்னைக்கே வெட்டு" என்று ஏற்றிவிட்டார்கள். நான், "கொல முத்தி வெட்டட்டும், அப்புறம் வரப்புப் போடுவோம்" என்றேன். இதைச் சொல்வதற்குக் கஷ்டமாகவே இல்லை. ஏன் என்று யோசித்தேன். முன்பு கல்லையே காணாமல் நான் பேசாமல் இருந்ததற்கும், இப்போது வாழையை விட்டுக்கொடுப்பதற்கும் வித்தியாசம் இருந்தது. முதலில் விட்டது கேட்கத் தைரியம் இல்லாததால். இப்போது விட்டது என் கையில் இருந்ததால்.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்லபடியாக, என்னைப் பெரிய ஆளாகக் காட்டி முடித்திருப்பேன். ஆனால் சர்வேயர் கிழக்குப் பக்கமும் அளந்தார்.

கிழக்கே ஒரு பெரியம்மையின் வயல். வீட்டுக்காரர் இறந்து ரொம்ப நாளாயிற்று, மகன் திருப்பூரில். அந்தப் பக்கம் என் வரப்பு முக்கால் செண்ட் அவர்கள் வயலுக்குள் இருந்தது. தெரியாமல் நடந்தது என்று எழுத ஆசைதான். வருஷா வருஷம் அந்த அண்டையை வெட்டியது என் மம்பட்டி. மேற்கே போகிறதே, கிழக்கே இரண்டு விரல்கடை வந்தால் என்ன என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. பெரியம்மை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "எனக்குத் தெரியும்யா. ஆம்பள இல்லாத வீடு, நான் யாருகிட்டப் போயிச் சொல்ல?" என்றார்கள். அவர்களையும் ஊரில் சாந்தமானவர்கள் என்றுதான் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

அதனால் என் அபிப்பிராயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். சாந்தகுணம் முதலில் பலமுள்ளவனுக்குச் சொல்லப்பட வேண்டியது. நம் சபைகளிலும் குடும்பங்களிலும் அதைத் தலைகீழாகச் சொல்லி வருகிறோம். மருமகளுக்குச் சொல்கிறோம், மாமியாருக்குச் சொல்வதில்லை. அடிபட்டுத் தாய் வீட்டுக்கு வந்த பெண்ணிடம் "சாந்தமா இரு, எல்லாம் சரியாகும்" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறோம், அடித்தவனைக் கூப்பிட்டு இந்த வசனத்தை வாசித்துக் காட்டுவதில்லை. கூலி கேட்கிறவனுக்குச் சொல்கிறோம், கூலி கொடுக்கிறவனுக்குச் சொல்வதில்லை. ஒரே கர்த்தருக்குப் பிள்ளைகள் என்று பாடிவிட்டுச் சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்தைப் பிரிக்கிற ஊர்களில், ஒதுக்கப்பட்டவர்கள் நியாயம் கேட்டால் "கிறிஸ்தவனுக்குச் சாந்தம் வேண்டாமா?" என்று கேட்கிறோம். அடிபடுகிறவனுக்கு மட்டும் போதிக்கிற சாந்தம் வேதத்தில் இல்லை. அது அடிக்கிறவனுக்கு வசதி, அவ்வளவுதான்.

எங்களுக்குத் தெற்கே, திருவிதாங்கூர் ராஜ்யமாக இருந்த பகுதியில் நடந்த தோள்சீலைப் போராட்டம் உங்களில் பல பேருக்குத் தெரிந்திருக்கும். நாடார் பெண்கள், அதிலும் கிறிஸ்தவர்களான பெண்கள், மேலாடை போடத் துணிந்தார்கள் என்பதற்காக அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது, ஜெபவீடுகள் கொளுத்தப்பட்டன. பல பத்து வருஷம் அது நடந்து, 1859-ல்தான் ராஜா, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடாவது, மேலாடை போட அனுமதி கொடுத்தார். அந்தப் பெண்கள் "சாந்தமாக" இருந்திருந்தால், அதாவது நான் இருந்த மாதிரி இருந்திருந்தால், அது வந்திருக்காது. அவர்கள் சாந்தகுணம் இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் ஒரு சபைப் போதகர். மாண்ட்கமரி என்ற ஊரில் கறுப்பர்கள் பஸ்ஸில் ஏறாமல் போராடிக்கொண்டிருந்தபோது, 1956 ஜனவரியில் அவர் வீட்டில் குண்டு வீசினார்கள். மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள், நல்லவேளை காயமில்லை. கூட்டத்திலிருந்து ஓடி வந்தால் வாசலில் கோபமான ஜனம், சில பேர் கையில் ஆயுதம். அவர் அவர்களை அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினார். ஆனால் போராட்டத்தை நிறுத்தவில்லை. மொத்தம் 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தார்கள், கடைசியில் ஜெயித்தார்கள். அந்த ராத்திரியில் பழிவாங்க வேண்டாம் என்று சொன்னதும் சாந்தம்தான், மறுநாள் காலையில் பஸ் ஏறாமல் நடந்ததும் சாந்தம்தான். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தது.

இதற்கு எதிராக ஒரு கேள்வி வரும். என்னிடமே ஒரு பெரியவர் கேட்டார். "ஈசாக்கு கெணத்த விட்டுட்டுப் போகலியா?" என்று. நல்ல கேள்வி. ஆதியாகமம் இருபத்தாறில், கேராரில் ஈசாக்கு தோண்டின கிணற்றுக்கு ஊர் இடையர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதை விட்டுவிட்டு இன்னொன்று தோண்டினார். அதற்கும் சண்டை. அதையும் விட்டு மூன்றாவது தோண்டினார். அதற்கு யாரும் வரவில்லை, ரெகொபோத் என்று பேர் வைத்தார். இடம் உண்டாயிற்று என்று அர்த்தம். எனக்கு ரொம்பப் பிடித்த கதை, ஏனென்றால் தண்ணீர்த் தகராறு. ஆனால் முந்தின பகுதியையும் வாசிக்க வேண்டும். ஈசாக்கு பலவான். எங்களை விடப் பலத்துவிட்டாய், போய்விடு என்று அந்த ராஜா அபிமெலேக்கே சொல்கிறான். ஆடு மாடு, வேலைக்காரர், அடுத்த கிணறு தோண்ட இடம் எல்லாம் அவரிடம் இருந்தது. விட்டுக்கொடுக்க முடிகிறவர் விட்டுக்கொடுத்தார். அப்புறம் அபிமெலேக்கு சமாதானம் பேச வந்தபோது, என்னைப் பகைத்துத் துரத்திவிட்டு இப்போது ஏன் வந்தீர்கள் என்று நேரடியாகக் கேட்டார். கேட்டுவிட்டு விருந்தும் வைத்தார். முப்பது செண்ட் மட்டும் இருக்கிற பெரியம்மையிடம் போய் "ஈசாக்கைப் போல இரு" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. என்னைப் பார்த்துச் சொல்லலாம். அண்ணாச்சியைப் பார்த்து இன்னும் சத்தமாகச் சொல்லலாம்.

திருக்குறளிலும் பொறையுடைமை என்று ஒரு அதிகாரம் இருக்கிறது. தன்னைத் தோண்டுகிறவனையும் தாங்குகிற நிலத்தைத்தான் வள்ளுவர் அதில் முதல் உதாரணமாகக் காட்டுகிறார். உழுகிறவனுக்கு இது நெஞ்சில் தைக்கும். ஆனால் நிலம் எங்களைத் தாங்குகிறதே ஒழிய, பொய்யை ஒத்துக்கொள்வதில்லை. உரம் போடாமல் போட்டேன் என்று ஊரை ஏமாற்றலாம், நிலத்தை ஏமாற்ற முடியாது. அறுப்பில் காட்டிக்கொடுத்துவிடும்.

தினப்படிக்கு இதை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டால், என்னிடம் பெரிய உபதேசம் இல்லை. கோபம் வந்தால் இப்போது முதலில் ஒன்று பார்க்கிறேன்: இதே காரியத்தை என்னை விடப் பெரியவர் செய்திருந்தால் இப்படிக் கத்தியிருப்பேனா? இல்லை என்றால் வாயை மூடிக்கொள்கிறேன். பெரியவர் தப்புச் செய்யும்போது இதைத் திருப்பிக் கேட்கிறேன்: இதைக் கூலிக்காரன் செய்திருந்தால் சும்மா இருந்திருப்பேனா? இல்லை என்றால் வாயைத் திறக்கிறேன். இது சொல்ல எளிது. போன மாதம் கூட ஆடு புஞ்சைக்குள் வந்துவிட்டது என்று ஒரு பையனைத் திட்டிவிட்டேன். அப்புறம் அவன் வீட்டுக்குப் போனேன். கூலியை அன்றைக்குச் சாயங்காலமே கொடுத்துவிடுகிறேன், விடிகிற வரைக்கும் வைத்துக்கொள்ளாதே என்று லேவியராகமத்தில் இருக்கிறது. நடுகைக்கு முந்தின நாளே கூலியைப் பேசி முடித்துவிடுகிறேன்.

நகரத்தில் உங்களுக்கு வரப்பு இல்லை. ஆனால் மேனேஜர் இருக்கிறார், சாப்பாடு கொண்டுவருகிற டெலிவரித் தம்பியும் இருக்கிறான். மேனேஜரிடம் "பரவாயில்லை சார்" என்று சிரித்துவிட்டு, பத்து நிமிஷம் தாமதமாக வந்த பையனிடம் கத்துகிறோமா என்று ஒருநாள் பாருங்கள். அடுக்குமாடி வாட்ச்மேன் தாத்தாவிடம் எந்தக் குரலில் பேசுகிறோம் என்று பாருங்கள். நீங்கள் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை. இந்த அளவுகோல் யாருக்கும் பொருந்தும்.

முடிவு எப்படி ஆயிற்று என்று கேட்பீர்கள். மேற்கு அண்ணாச்சி ஆனியில் வாழைக் குலையை வெட்டிக்கொண்டார். அப்புறம் இரண்டு பக்கமும் கல் போட்டு வரப்பெடுத்தோம். அந்தப் பிசானத்துக்கு அவர் டிராக்டர் வரவில்லை. வேறு ஊரிலிருந்து கூட்டி வந்தேன், கூடுதல் செலவுதான். ஒரு வருஷம் அவர் என்னோடு பேசவில்லை. போன அசனப் பண்டிகையில் பந்தியில் பக்கத்தில் உட்கார இடம் இல்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சோறு கொழஞ்சுபோச்சு" என்றார். "ஆமா அண்ணாச்சி" என்றேன். அவ்வளவு பேச்சுத்தான் இதுவரைக்கும். பெரியம்மைக்கு முக்கால் செண்ட் திரும்பிப் போயிற்று. இந்த வருஷம் அவர்கள் வயலையும் நான்தான் குத்தகைக்குச் செய்கிறேன். மகன் திருப்பூரிலிருந்து போன் போட்டுக் கேட்டான், சரி என்றேன்.

பூமி சொந்தமாகும் என்ற வசனம் இப்போதும் எனக்கு முழுசாக விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கணக்குப்படி எனக்குக் கூடினது இரண்டேகால் செண்ட். ஆனால் முன்பு மேற்கு வரப்பில் போனால் தலையைக் குனிந்துகொண்டு போவேன், கிழக்கு வரப்பில் போனால் பெரியம்மை வீட்டுப் பக்கம் பார்க்காமல் போவேன். என் வயலிலேயே எனக்கு நடக்க இடம் இல்லாமல் இருந்தது. இப்போது இரண்டு வரப்பும் இரண்டடி அகலம். எதிரே நாற்றுமுடி சுமந்து ஒருத்தர் வந்தால் ஒதுங்கி வழி விடலாம்.

ஐப்பசி பிறந்தால் நடுகை. கொத்துக்காரியிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். இந்த வருஷம் என்ன கூலி என்று அவர்களே முதலில் சொல்லட்டும் என்று கேட்டிருக்கிறேன்.